பண்பாட்டிடைப் பயிற்சி

வேலையின் பொருட்டு வெளிநாட்டில் குடியேறும் ஊழியருக்கும் குடும்பத்தாருக்கும் அந்நாட்டு வழக்கங்களையும் பேச்சுமுறையையும் அலுவலக நடைமுறைகளையும் கற்றுத்தரும் பயிற்சி. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் இது தனித்துறையாக வளர்ந்தது. 1947இல் தொடங்கிய அந்நாட்டு வெளியுறவுப் பணி நிறுவனத்தில், 1950களின் முற்பகுதியில் மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் தூதரக அலுவலர்களுக்குப் பயிற்சியளித்தார். பண்பாட்டுக் கோட்பாடுகளைக் கேட்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. எதிரே நிற்பவர் எவ்வளவு நெருங்கி நின்று பேசுவார், எவ்வளவு தாமதத்தைப் பிழையாகக் கருதுவார் என்பதே அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதனால் நேரம், இடைவெளி, சைகை ஆகியவற்றையே ஹால் பாடமாக்கினார். அந்த அனுபவம் அவருடைய 1959ஆம் ஆண்டு நூலுக்கு அடிப்படையானது. 1960களில் இல்லினாய் பல்கலைக்கழக உளவியலாளர்கள், சங்கடம் விளைவித்த ஒரு நிகழ்வைச் சொல்லி, அதற்குப் பொருத்தமான விளக்கத்தைப் பயில்பவரே தேர்ந்தெடுக்கும் முறையை உருவாக்கினர்.

குடும்பத்தின் பங்கு தாமதமாகவே கவனம் பெற்றது. அமெரிக்கப் பன்னாட்டு நிறுவனங்களின் ஊழியர்கள் பணியை முடிக்காமல் திரும்புவதற்கு, துணைவர் புதிய சூழலுக்குப் பழகாததே முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுவதை மேலாண்மை ஆய்வாளர் ரோசலி டங் 1981இல் எடுத்துக்காட்டினார். இதில் வியப்பில்லை: ஊழியருக்கு அலுவலகம் இருக்கிறது, கடையையும் பள்ளியையும் மருத்துவரையும் தனியே எதிர்கொள்பவர் துணைவர்தான். ஊழியரை மட்டும் அழைத்து நடத்தும் வகுப்பு அரைகுறைப் பயிற்சியே.