புகையில் பிறந்த பாதி விலை

1997-இல் பஞ்சாப் விவசாயிகளின் பம்ப்செட்டுகளுக்கு மின்கட்டணம் ரத்தானது. தமிழ்நாட்டுக்கு 1990-லேயே வந்துவிட்ட வரம்தான். ஆனால் பஞ்சாபில் அந்த மோட்டார்கள் இறைத்தது நெல்லுக்கு. ரொட்டி தின்னும் ஊர் நெல்லை விளைவித்தது, அரசே ஆதரவு விலை கொடுத்து அதை வாங்கிக்கொண்டது, தண்ணீருக்கும் காசில்லை. மே மாதக் கொளுத்தும் வெயிலிலேயே நடவு தொடங்கியது. நிலத்தடி நீர் ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்க, சண்டிகரில் கவலை ஏறியது.

2008-இல் ஓர் அவசரச் சட்டம் வந்தது. மறு ஆண்டு அதுவே முழுச் சட்டமானது. ஜூன் 10-க்கு முன் நாற்று நடக் கூடாது என்றது அது. மீறினால் நட்ட பயிரை அழித்துவிட்டு, அதற்கான செலவையும் விவசாயியிடமே வசூலிப்பார்கள். ஹரியானாவும் இதே வழியில் போனது. நல்ல சட்டம்தான். எழுதியவர்கள் காலண்டரில் ஜூன் தாளைப் பார்த்தார்கள், நவம்பர் தாளைப் புரட்டவில்லை.

தாமதமாக நட்டது தாமதமாகத்தானே விளையும்! அறுவடை அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போனது. நவம்பர் நடுவுக்குள் கோதுமையை விதைத்தாக வேண்டும். இடையில் மிஞ்சியது இரண்டு மூன்று வாரம். அறுவடை இயந்திரமோ கதிரை அள்ளிக்கொண்டு அடித்தாளை நட்டபடியே விட்டுப்போனது. தஞ்சாவூர் என்றால் வைக்கோல் போர் ஏறியிருக்கும். பஞ்சாப் மாடுகளுக்குப் பழக்கம் கோதுமை வைக்கோல். மிச்சமிருந்த வழி ஒரு தீக்குச்சி. அந்த வாரங்களில் காற்று வடமேற்கிலிருந்து டெல்லியை நோக்கி வீசும். பிறகு அசையாமல் நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான மருந்து எப்போதோ தயாராகிவிட்டது. 2001-இல் லூதியானா வேளாண் பல்கலைக்கழகப் பொறியாளர்களும் ஆஸ்திரேலியர்களும் கைகோத்து, தீவனம் வெட்டும் கருவியையும் விதைப்புக் கருவியையும் ஒன்றாகப் பொருத்தினார்கள். முன்பக்கம் தாளை வெட்டி அள்ளும். விதை மண்ணுக்குள் இறங்கும். வெட்டிய தாள் அதன்மேலேயே மூடாக்காக விழும். பெயர் ‘ஹேப்பி சீடர்’. முதல் மாதிரியைப் பலமுறை மாற்றிச் செதுக்கினார்கள். விலையோ ஒரு லட்சத்தைத் தாண்டியது; இழுக்கப் பெரிய டிராக்டர் வேண்டும்; ஆண்டில் இருபது நாளைக்கு மேல் வேலை இல்லை. எதிரே நின்றது ஒரு ரூபாய்த் தீப்பெட்டி.

2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எரிப்புக்குத் தடை போட்டது: 2,500 முதல் 15,000 ரூபாய் வரை அபராதம். வயல்கள் எரிந்துகொண்டேதான் இருந்தன. 2016 தீபாவளி முடிந்த கையோடு டெல்லி கண்ணுக்குத் தெரியாமல் போனது. பள்ளிகள் மூடின, கட்டட வேலைகள் நின்றன. வாகனப் புகை, தூசி, பட்டாசு எல்லாம் கலந்த மூட்டம்தான் அது. ஆனாலும் எல்லா விரலும் வயலைக் காட்டின. அடுத்த நவம்பரில் அதே காட்சி. இம்முறை பட்ஜெட் நெருங்கிக்கொண்டிருந்தது.

2018 பிப்ரவரி 1 அன்று அருண் ஜெட்லியின் உரையில் அது வந்தது: பயிர்த்தாள் இயந்திரங்களுக்கு மானியம். தனி விவசாயிக்குப் பாதி விலை, வாடகை மையங்களுக்கு 80 சதவீதம். பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், டெல்லிக்குச் சேர்த்து இரண்டு ஆண்டுகளுக்கு 1,151.80 கோடி ரூபாய். இலவச மின்சாரம் என்ற ஒரு மானியம் கிளப்பிய சிக்கலைத் தீர்க்க இன்னொன்று பிறந்திருந்தது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், எரிக்காத சிறு விவசாயிக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் கொடு என்றது.

டெல்லிக்கும் சொந்தமாக நெல்வயல்கள் உண்டு. 2020 அக்டோபர் 13 அன்று நரேலா பக்கம் ஹிரங்கி கிராமத்தில், டெல்லி அரசு தன் செலவில் ஒரு கரைசலைத் தெளிக்கத் தொடங்கியது. பூசா ஆராய்ச்சி நிலையத்தின் பூஞ்சைக் கேப்சூல்களை வெல்லத்திலும் கடலை மாவிலும் வளர்த்தெடுத்த கரைசல் அது. பஜ்ஜிக் கடையில் கிடைக்கும் சரக்கு! தெளித்தால் தாள் வயலிலேயே மக்கிவிடும். மக்குவதற்கு 20 முதல் 25 நாள் ஆகும். பஞ்சாப் விவசாயிக்கு ஜூன் 10 சட்டம் விட்டுவைத்த இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.