கையெழுத்துக்கு அப்பால்: புதுக்கோட்டை, நெல்லூர் எழுத்தறிவு இயக்கங்கள் குறித்து

வயதுவந்தோர் கல்வியை மதிப்பிடுவோர் பெரும்பாலும் விழுக்காட்டோடு நின்றுவிடுகிறார்கள். கைநாட்டு வைத்தவர்களில் எத்தனை பேர் கையெழுத்துக்கு மாறினார்கள் என்று கேட்கிறார்கள். எந்தத் தாளில் கையெழுத்திட்டார்கள், அது யாருக்குச் சாதகமாக எழுதப்பட்ட தாள் என்று கேட்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் இரு மாவட்டங்களில் நடந்தவற்றைக் கொண்டு இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இது: கற்றவர் கைக்கு ஒரு கணக்கோ உரிமையோ வந்து சேர்ந்த இடத்தில்தான் எழுத்து சமூக உறவுகளை அசைத்தது. அரசின் கருவூலத்தை உரசும்வரைதான் அந்த அசைவுக்கு இடம் இருந்தது.

1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் 15 முதல் 35 வயதுக்குட்பட்டவர்களை இலக்காக வைத்தது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990இல் முழு எழுத்தறிவை எட்டி வழிகாட்டியது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் ஊதியம் பெறாத தொண்டர்களும் அதைத் தோளில் சுமந்தார்கள். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் ஓட்டுவதையும் எழுத்தறிவின் பகுதியாக்கினார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழிசெய்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள் என்று எழுதுகிறார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். பலர் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே விரும்பினார்கள் என்றும் அவர் குறிக்கிறார். குழந்தையை முன்னால் உட்காரவைக்க அந்தக் கம்பி வசதி. திட்டம் தீட்டியவர்கள் யாருக்கும் இது முன்கூட்டித் தோன்றியிருக்காது. பேருந்துக்கும், அண்ணனோ கணவனோ கூட்டிப்போவதற்கும் காத்திருந்த நேரம் பெண்களுக்கே மிஞ்சியது. வழியில் கேட்ட கேலிப்பேச்சு அவர்களை நிறுத்தவில்லை.

சைக்கிளைக் கொண்டாடுகிறவர்கள் கல்குவாரிகளைப் பெரிதாகப் பேசுவதில்லை. என் பார்வையில் இயக்கத்தின் கனமான பகுதி அதுதான். ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கூலியாள் கணக்கு எழுதத் தேவையில்லை. குத்தகைதாரர் எழுதியாக வேண்டும். எத்தனை லோடு போனது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது நோட்டில் இல்லாவிட்டால் இழப்பு அவருக்கே. மாலை வகுப்பில் கற்ற எழுத்துக்கு மறுநாள் காலையிலேயே வேலை கிடைத்தது. ஆனால் குத்தகை காலவரம்புக்கு உட்பட்டது. அதைப் புதுப்பிக்கும் அதிகாரம் அரசிடமே இருந்தது.

ஆந்திரப் பிரதேசத்தின் நெல்லூரில் இந்த எல்லை இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. அங்கே புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கான நூலில், கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூடவைக்கும் கதை இடம்பெற்றது. தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் 1992இல் அதைத் தங்கள் ஊரில் நடத்திக் காட்டினார்கள். போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. பாடநூலை அச்சிட்ட அதே அரசுதான் சாராயக் கடைகளை ஏலமும் விட்டது. 1993 அக்டோபரில் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. வருவாய் இழப்பைக் காட்டி 1997இல் அது தளர்த்தப்பட்டது.

இவையெல்லாம் மேலிருந்து அதிகாரிகள் மூட்டிய எழுச்சி, ஆட்சியர் மாறியதும் அடங்கிவிடும் என்பது பழைய விமர்சனம். பாதி உண்மை. தூபகுண்டாவில் கடையை மறிக்கும்படி எந்த ஆட்சியரும் உத்தரவிடவில்லை. கேள்வியைத் தூண்டும் பாடமும், கூடிப் பேச ஓர் இடமும் கிடைத்தன. மிச்சத்தைப் பெண்கள் தாங்களே செய்தார்கள்.

இப்போது நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு மூன்றுக்கும் தலா 50 என 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைக்கிறது. தேர்வு இருக்கட்டும். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் சமூகத் தணிக்கை அறிக்கையைக் கிராமசபையில் தானே படித்துக் கேள்வி கேட்ட புதுக் கற்றோர் எத்தனை பேர் என்பதையும் மதிப்பீட்டாளர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.