நெற்றித் தோலில் பிறந்த மூக்கு

மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய மராத்தியர் காவஸ்ஜி. 1792இல் திப்புவின் படையிடம் சிக்கிய அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டனர். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, புனே அருகே அவருக்குப் புது மூக்கு கிடைத்தது.

அதைச் செய்தவர் வெள்ளைக்கார மருத்துவர் அல்லர். இத்தொழிலில் தேர்ந்த உள்ளூர்க்காரர். மூக்கு இருந்த இடத்தில் மெழுகுத் தகட்டைப் பொருத்தி அளவெடுத்தார். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடிட்டு, அந்தத் தோலை உரித்தார். புருவங்களுக்கு நடுவே மட்டும் சிறு துண்டை அறுக்காமல் விட்டார். சிகிச்சையின் உயிர்நாடி அதுதான்; புதிய இடத்தில் ஒட்டும்வரை தோலுக்கு ரத்தம் அதன் வழியே ஓடியது. தோலைத் திருப்பிப் பொருத்தி, காசுக்கட்டிக் குழம்பு தடவிய துணியால் கட்டினார். நான்கு நாளுக்குப் பின் நெய் தோய்த்த துணி. சுமார் 25ஆம் நாளில் இணைப்பை அறுத்தார். தையலே போடவில்லை என்பது வியப்புக்குரியது.

பழைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சங்கிதையோ கன்னத் தோலைக் கொண்டு மூக்கமைப்பதைச் சொல்கிறது. நெற்றித் தோல் முறை பிற்காலத்தது.

காவஸ்ஜியின் படத்துடன் அவருக்கு நடந்த சிகிச்சை பற்றிய செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் வந்தது. அங்கே அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ 1814இல் இதே முறையைக் கையாண்டு, 1816இல் நூலாக வெளியிட்டார். புனேக்காரரின் பெயரோ அந்த இதழில் இல்லை.