குற்றக் கணக்கும் நம் வரலாறும்

குற்றக் கணக்கும் ஒரு வரலாற்று ஏடே. ஆயினும் அதனைப் படிக்கும் முறை அறிந்து படித்தல் வேண்டும்.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் கோயில், கிணறு, கடை முதலிய இடங்களில் நம்மைத் தடுப்போரையே பெரிதும் தண்டித்தது. சாதி வன்கொடுமை எனும் பெயரில் ஒரு சட்டம் 1989இல்தான் பிறந்தது. 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது.

பட்டியல் சாதியினருக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 2020இல் 50,291. 2022இல் 57,582 என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். இவ்வேற்றம் கொடுமையின் பெருக்கமாகவும் இருக்கலாம். புகார் எழுதத் துணிந்த கைகளின் பெருக்கமாகவும் இருக்கலாம். அஞ்சி வாய்மூடிய ஊரின் துயரமோ எவ்வேட்டிலும் ஏறுவதில்லை. ஆதலின் எண் குறைந்த ஊரெல்லாம் அமைதி நிலவும் ஊர் அன்று.

இளைஞர்களே! முதல் தகவல் அறிக்கையின் படியைப் புகார் தந்தவருக்குக் கட்டணமின்றித் தருதல் வேண்டும் என்பது சட்டம். அதனைக் கேட்டுப் பெறவும், படித்துப் பிழை காணவும் கல்வி வேண்டும். நம் சங்கம் கால் நூற்றாண்டாக ஊட்டிய எழுத்தின் பயன் அதுவே. எழுதப்படாத கொடுமை நடவாத கொடுமையாகவே எண்ணப்படும்.