சும்மா ஒரு கடற்கரைப் பயணம்: வடமராட்சிப் பெண்கள் வெளிக்கிட்ட கதை

யாழ்ப்பாணத் தமிழில் 'வெளிக்கிடுதல்' என்று ஒரு சொல் இருக்கிறது. உடுப்பு மாற்றி, தலை இழுத்து, பொட்டு வைப்பதும் வெளிக்கிடுதல்தான். படலையைத் தாண்டிப் புறப்படுவதும் வெளிக்கிடுதல்தான். "வெளிக்கிட்டாச்சோ?" என்று வாசலில் நின்று ஒருவர் கேட்டால் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறார். அதுக்குப் பிறகு வாற மற்றக் கேள்வி பெடியளிட்ட அவ்வளவாக் கேட்கப்படுறதில்லை: "எங்க வெளிக்கிட்டாச்சு?" அந்தக் கேள்விக்குப் பெண்கள் ஒரு காரணம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் காலத்துக்குக் காலம் என்ன காரணம் சொல்லி வெளிக்கிட்டார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இந்த யோசனை வந்தது போன வைகாசியில். பருத்தித்துறைப் பக்கத்து மாதர் சங்கம் ஒன்று மணற்காட்டுக் கடற்கரைக்கு ஒருநாள் பயணம் போனது. எங்களில் ஒருத்தியின் அம்மா அந்தச் சங்கத்தின் பொருளாளர். பஸ்ஸில் இடம் இருக்கு எண்டு சொன்னதால நாங்களும் ஏறிக்கொண்டோம். விடிய மூண்டு மணிக்கு எழும்பி வீட்டுக்கும் சமைச்சு வைச்சு, பயணத்துக்கும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்: புளிச்சாதம், முட்டைப்பொரியல், ஒரு பெரிய ரின் நிறையத் தட்டைவடை, நுங்கு. சவுக்கங்காட்டு நிழலில் பாயை விரிச்சிட்டு, ஐம்பது வயதைத் தாண்டினவர்கள் மணலில் கோடு கீறிக் கிளித்தட்டு மறிச்சார்கள். பிறகு முழங்கால் அளவு தண்ணியில் கைகோர்த்து நின்றார்கள்.

அப்போது ஒரு அம்மா எங்களிடம் சொன்னார்: "இந்தக் கரைக்கு முந்தி ரெண்டு தரம் வந்திருக்கிறன் பிள்ளையள். ஒருக்கா வல்லிபுரத் தீர்த்தத்துக்கு. மற்றது சுனாமிக்குப் பிறகு ஆக்களைத் தேடி. சும்மா வந்தது இண்டைக்குத்தான்." அவர் வீடு அங்கிருந்து நாலைந்து கட்டைதான்.

வரலாற்றைப் படிக்கிற மாணவர்களுக்கு அந்த மூன்று வரி போதும். திரும்பி வரும்போதே இதை எழுத வேணும் என்று முடிவெடுத்துவிட்டோம்.

முதல் காரணம் சாமி. வடமராட்சியில் பெண்கள் கூட்டமாக வெட்டவெளிக்கு வந்த மிகப் பழைய வழி கோயில்தான். புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் கோயில் திருவிழா நடக்கும். கடல்தீர்த்தத்தன்று சாமி கோயிலை விட்டு மணல்வெளியைத் தாண்டிக் கடலுக்குப் போகும். சனமும் பின்னால் போகும். கோயிலின் ஐதிகம்கூடக் கடற்கரையில் நிற்கிற ஒரு பெண்ணில்தான் தொடங்குகிறது. பிள்ளை இல்லாத லவல்லி என்ற வலைஞர் குலப் பெண்ணின் மடியில் மீனாக வந்து விழுந்தவர் ஆழ்வார் என்பது கதை. தொண்டைமானாற்றுச் சந்நிதி, கீரிமலை ஆடி அமாவாசை என்று மற்றப் பயணங்களும் இருந்தன. வடமராட்சிக்கு ரயில் ஒருநாளும் வந்ததில்லை. 1905இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை பாதை முழுமையானபோதும் எங்களுக்குக் கிட்டிய ஸ்ரேசன்களில் ஒன்று கொடிகாமம். ஆகவே கூடாரவண்டில்தான் குடும்பப் பயணத்தின் வாகனம். பருத்தித்துறையில் இன்றும் நிற்கிற தெருமூடிமடத்தைப் பாருங்கள். றோட்டுக்கு மேலேயே கூரை போட்டு, இரண்டு பக்கமும் திண்ணை வைத்து, போறவாற ஆக்கள் இளைப்பாறக் கட்டியது. பயணம் என்பது இந்த ஊரின் கட்டடக்கலைக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கூடாரவண்டிலுக்குள் இருந்து போனவர்கள் எல்லாப் பெண்களும் இல்லை. மீன் கடகத்தைத் தலையில் வைத்துச் சந்தைக்கு நடந்த பெண்கள், வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குக் குனிந்து நின்ற பெண்கள், ஓலை பின்னின பெண்கள் எல்லாரும் ஒவ்வொரு நாளும் வெளியில்தான் நின்றார்கள். அவர்களுக்கு வெளி என்றால் வேலை. ஒரு சாதிப் பெண்ணுக்கு வெளியில் வரத் தடை இருந்தது. இன்னொரு சாதிப் பெண்ணுக்குக் கோயிலுக்குள் போகத் தடை இருந்தது. மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல், எங்கள் பாட்டிமாரின் காலம். 'யாழ்ப்பாணப் பெண் வீட்டை விட்டு வெளியே வந்த வரலாறு' என்று எழுதத் தொடங்குகிற எவரும் எந்தப் பெண் என்று முதலில் கேட்க வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக இல்லாமல் இருந்தது ஒன்றுதான்: வேலையும் இல்லாமல், நேர்த்தியும் இல்லாமல், ஒரு பின்னேரம் வெளியில் போய் இருக்கிற உரிமை.

இரண்டாவது காரணம் பள்ளிக்கூடம். 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார்கள். வீட்டை விட்டுப் பெண்பிள்ளைகள் தங்கிப் படித்த ஆசியாவின் முதல் இடங்களில் அதுவும் ஒன்று. பருத்தித்துறையிலும் மெதடிஸ்தப் பெண்கள் பாடசாலை வந்தது. பின்னர் வடமராட்சி இந்து மகளிர் கல்லூரி வந்தது. 1917இல் கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் இலங்கையின் முதல் பெண் சாரணியர் அணி தொடங்கியது. கூடாரம் அடிப்பது, நெருப்பு மூட்டுவது, கூட்டமாக நடப்பது எல்லாம் 'பாடம்' என்ற பெயரில் வந்ததால் தகப்பன்மார் மறுக்க முடியவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் முடிந்த அன்றே அந்தப் பாடமும் முடிந்துவிடும். கல்யாணம் கட்டின சாரணியர் கூடாரம் அடிக்கப் போனதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

மூன்றாவது காரணம் சங்கம். இதுக்கு நாங்கள் கொஞ்சம் தூரம் போய் வர வேணும்.

1897இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஸ்ரோனி கிறீக் என்ற கிராமத்தில், அடிலெயிட் ஹூட்லெஸ் என்ற பெண்ணின் முயற்சியில் முதலாவது பெண்கள் நிலையம் உருவானது. தோட்டக்காரக் குடும்பங்களின் பெண்கள் கூடி, சமையலும் சுகாதாரமும் பிள்ளை வளர்ப்பும் கதைக்கிற இடம். 1915இல் அது பிரித்தானியாவுக்குப் போனது. கதை பேச்சு, தேத்தண்ணி, கோடை வந்தால் எல்லாரும் சேர்ந்து ஒரு பயணம் என்று அங்கே அது ஊர்ப் பெண்களின் சொந்த அமைப்பாக வளர்ந்தது.

அதே கனடாவிலிருந்து 1896இல் மருத்துவராக இலங்கைக்கு வந்தவர் மேரி இரட்ணம். தமிழர் ஒருவரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். கனடாவின் அந்த மாதிரியை மனதில் வைத்து 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்கள் மாதம் ஒருக்காவாவது வீட்டுக்கு வெளியே ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நெசவு, தையல், சத்துணவு, தாய்சேய் நலம் என்று அதுக்கு நல்ல காரணங்கள் நிறைய இருந்தன. 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண்ணும் அவரே. 1958இல் மக்சேசே விருது கிடைத்தது.

அந்தக் காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1930 சித்திரையில், எங்கள் கடலுக்கு அக்கரையில் வேதாரணியத்தில் உப்பு அள்ளப் போனவர்களில் ருக்மணி லட்சுமிபதியும் இருந்தார். அதுக்காகச் சிறை போனார். பம்பாய்க் கடற்கரையில் உப்புப் போராட்டத்துக்கு இறங்கிய கமலாதேவி சட்டோபாத்யாய, 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்க வந்தார். அதே வருடம் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமையும் வந்தது. ஆனால் வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னதால் பருத்தித்துறைத் தொகுதியில் 1931இல் வாக்களிப்பே நடக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் அரசாங்க சபைக்கு ஆள் அனுப்ப 1934 வரை காத்திருந்தார்கள். உரிமை வந்த பிறகும் வெளிக்கிட மூன்று வருடம்!

அதுக்குப் பிறகு பஸ் வந்தது, 1958இல் அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது, பெண்கள் படித்து வேலைக்குப் போனார்கள். வழி மெல்ல மெல்லத் திறந்துகொண்டு வந்த நேரத்தில் போர் வந்தது. போருக்குப் பெண்கள் வெளிக்கிட்ட காரணங்களே வேறு.

1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானது. பிடிபட்ட பெடியளை விடச் சொல்லித் தாய்மார் நூற்றுக்கணக்கில் றோட்டில் இறங்கினார்கள். 1987 வைகாசி 26இல் வடமராட்சி மீது 'ஒப்பரேஷன் லிபரேஷன்' தொடங்கியது. இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் பிடிக்கப்பட்டு, கப்பலில் ஏற்றப்பட்டு, காலிக்குப் பக்கத்துப் பூசா முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எந்தக் கடலை நாங்கள் இன்று பார்த்துக்கொண்டு நிற்கிறோமோ அதே கடல் வழியாக. 1990க்குப் பிறகு பெற்றோல் தடை வந்தபோது சைக்கிள்தான் எல்லாம்; அம்மாமாரின் தலைமுறையைச் சைக்கிளில் ஏற்றினது அந்தத் தடைதான். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே வெளிக்கிட்டது. "உடுத்த உடுப்போட வெளிக்கிட்டனாங்கள்" என்று அந்த இரவைச் சொல்லுவார்கள். வெளிக்கிடுதல் என்ற சொல்லில் இருந்த உடுப்பு மாற்றலும் பொட்டும் அந்த இரவோடு கழன்று விழுந்துவிட்டன.

பிறகு 2004 மார்கழி 26. மணற்காடும் அதையொட்டின கரையும் அள்ளுண்டு போன நாள். 2017இல் மருதங்கேணியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் றோட்டோரக் கொட்டிலில் இருக்கத் தொடங்கினார்கள். வடமராட்சியில் பெண்கள் கூட்டமாக வெட்டவெளியில் இருந்த காட்சி என்றால் எங்கள் தலைமுறைக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கொட்டில்தான்.

இந்தப் பின்னணியில்தான் இன்றைய மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களைப் பார்க்க வேணும். இவை மகிளா சமிதியின் கிளைகள் இல்லை. அரச கிராம அபிவிருத்தித் திணைக்களத்தில் பதியப்படுகிறவை. ஆனால் வடிவம் அதேதான்: மாதக் கூட்டம், சேமிப்பு, சுழற்சிக் கடன், தையல் வகுப்பு. போருக்குப் பிறகு பெண்களைக் கிழமைக்குக் கிழமை ஒரு திண்ணையில் கூட்டினதில் நுண்கடன் கொம்பனிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. அந்தக் கூட்டத்துக்கு வெளிக்கிடுறது காசு கட்ட. வராவிட்டால் மற்றவர்கள் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். பெண்கள் ஒன்றுகூடுவதையே ஒரு சுமையாக்கி வைத்திருந்த காலம் அது.

நாங்கள் போன சங்கத்தின் கூட்டக் குறிப்புக் கொப்பியைப் பிறகு பார்த்தோம். மணற்காட்டுப் பயணம் அதில் 'வெளிக்களப் பயிற்சி' என்று எழுதப்பட்டிருந்தது. அதுக்கு முந்தின வருடப் பயணம் 'கோயில் தரிசனம்'. ஏன் அப்படி எழுதினீங்கள் என்று கேட்டோம். "பொழுதுபோக்கெண்டு எழுதினால் வீட்டில என்ன சொல்லுவினம்?" என்றார் பொருளாளர் அம்மா. சாமி, பாடம், சங்கம், பிள்ளை, கடன் என்று நாங்கள் இவ்வளவு நேரம் பார்த்த பட்டியல் முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

இதைப் பெரிய துயரமாக எழுத நாங்கள் விரும்பவில்லை. காரணம் சொல்லிச் சொல்லியே பெண்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். வல்லிபுரத் தீர்த்தத்தில் கால் நனைத்த சந்தோசம் பக்தியால் குறைந்துவிடவில்லை. ஆனால் காரணம் தேவைப்படுகிற வரைக்கும், காரணம் இல்லாத நாளில் படலை பூட்டியே இருக்கும். பருத்தித்துறைக் கரையில் பின்னேரம் போய்ப் பாருங்கள். கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பெண்களுக்கு உடுப்பு மாற்ற மறைப்பு இல்லை, கழிவறை இல்லை, பொழுதுபட்டால் பஸ்ஸும் இல்லை. சும்மா இருக்கிறதுக்கும் வசதி வேணும்.

ஆனி மாதக் கூட்டத்துக்கு எங்களில் ரெண்டு பேர் போயிருந்தோம். முந்தின கூட்டக் குறிப்பை வாசிக்கும்போது, கடற்கரையில் எங்களோடு கதைத்த அதே அம்மா எழும்பி, 'பயிற்சி' என்று இருக்கிறதை மாத்த வேணும் என்றார். பத்து நிமிசம் வாக்குவாதம். சிலருக்குப் பயம், சிலருக்குச் சிரிப்பு. கடைசியில் செயலாளர் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு 'கடற்கரைப் பயணம்' என்று எழுதினார். நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுறது என்று கேட்டார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. எல்லாரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த பயணம் ஆவணியில். உங்கட அம்மாவிட்ட ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ: கடைசியா எப்ப சும்மா வெளிக்கிட்டவ எண்டு.