பம்ப் ஒன்றுதான், வால்வு வேறு

பாய்லரில் காய்ந்த நீரை ரேடியேட்டர்களுக்கு அனுப்பி அறைகளைச் சூடாக்கும் முறை இங்கிலாந்து வீடுகளில் பரவலானது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் பழைய வீடுகள் பல இப்படித்தான் குளிர்காலத்தைக் கடக்கின்றன. நீரைச் சுற்றவைக்கும் பம்ப் இரண்டு இடத்திலும் சின்னதுதான். தொட்டிக்கு நீரேற்றும் நம் மோட்டாரைப் போல உயரம் தூக்கும் வேலை அதற்கு இல்லை. மூடிய சுற்றில் மேலே போகும் நீரின் எடையைக் கீழே இறங்கும் நீர் சரிக்கட்டிவிடும். குழாயின் உராய்வை வென்றால் போதும். அமெரிக்க வீடுகளில் அதிகம் காணப்படும் டாக்கோ 007 பம்பின் மோட்டார் 1/25 குதிரைத்திறன்தான். பம்ப் பழுதாகும்போதுதான் இரு நாட்டுக்கும் உள்ள வேறுபாடு வெளியே வருகிறது.

இங்கிலாந்தில் வீட்டுப் பம்ப் என்றால் பெரும்பாலும் 130 மி.மீ. நீளம், இரு முனையிலும் ஒன்றரை அங்குல மரை. எந்தக் கம்பெனிப் பம்பும் மற்றதன் இடத்தில் உட்காரும். இரு பக்கமும் 22 மி.மீ. குழாயில் ஒவ்வொரு வால்வு. மின்சாரத்தை நிறுத்தி, வால்வுகளை மூடி, பெரிய நட்டுகளைக் கழற்றினால் சிறிது நீர் கொட்டும். புது வாஷர் வைத்துப் புதுப் பம்பை மாட்டிவிடலாம்.

சொல்லும்போது அவ்வளவுதான். பழைய வால்வுகளில் பல கேட் வகை, அதாவது திருகினால் உள்ளே ஒரு தகடு இறங்கி நீரைத் தடுப்பவை. பதினைந்து ஆண்டு யாரும் தொடாமல் கிடந்த வால்வைத் திருகினால் தண்டின் முனை மழுங்கும்; அல்லது மூடுவதுபோல் மூடி, நீரை விட்டுக்கொண்டே இருக்கும். சில சமயம் திறந்தபின் தண்டின் ஓரமாகக் கசிய ஆரம்பிக்கும். அப்போது பம்போடு வால்வையும் மாற்ற வேண்டும், அதற்கு நீரை இறக்க வேண்டும். பரணில் திறந்த தொட்டி வைத்த பழைய அமைப்பென்றால் பிளம்பர்களிடம் ஒரு வித்தை உண்டு. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயிலும், காற்றுப்போக்கிக் குழாயிலும் ரப்பர் அடைப்பான் செருகிவிடுவார்கள். காற்று உள்ளே புக வழியில்லாததால் நீர் குழாயிலேயே நிற்கும். அந்த இடைவெளியில் வேலையை முடிப்பார்கள். கைதேர்ந்தவர்கள் செய்யும்போது பார்க்க அழகாக இருக்கும். மற்றவர்கள் செய்தால் தரை நனையும்.

அமெரிக்கர்கள் போன வழி வேறு. அங்கே பம்பை ஃபிளேஞ்ச் என்ற தட்டையான விளிம்பு வைத்து, பக்கத்துக்கு இரண்டு போல்ட் போட்டு முடுக்குவார்கள். பெல் அண்ட் காஸெட் கம்பெனியின் சீரீஸ் 100 பம்பில் மோட்டார் தனி, பேரிங் பகுதி தனி, நடுவில் ஒரு கப்ளர். அவ்வப்போது எண்ணெய் விட வேண்டும். எது கெட்டதோ அதை மட்டும் மாற்றலாம். டாக்கோவிலும் உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதைச் செருகலாம். பழுதுபார்க்கும் மனம் கொண்ட வடிவமைப்பு என்று பாராட்டத் தோன்றும். ஆனால் பழைய வீடுகள் பலவற்றில் பம்பின் இருபுறமும் வால்வே கிடையாது. அதனால் சிறு கார்ட்ரிட்ஜுக்காக முழு அமைப்பின் நீரையும் வடிக்க நேரும். பிறகு நீர் நிரப்பி, ஹோஸ் மாட்டி, ஒவ்வொரு பகுதியாகக் குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். பம்ப் மாற்றியதைவிட இதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

என் கணக்கில் பிரிட்டிஷ் அளவு முறையும் அமெரிக்கப் பழுதுபார்ப்பு வசதியும் இரண்டாம் பட்சம். வேலையின் அளவைத் தீர்மானிப்பது வால்வு. அதுவும் மூடினால் மூடுகிற வால்வு. இப்போது அமெரிக்காவில் பால் வால்வு (துளையிட்ட உருண்டை திரும்பி அடைக்கும் வகை) உள்ளேயே அமைந்த ஃபிளேஞ்ச் கிடைக்கிறது, கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் நீர் நின்றுவிடும். எப்படியும் நீரை வடித்தாகிவிட்ட நாளில் இதை மாட்டாமல் பழைய ஃபிளேஞ்சையே போட்டு மூடுவது சிக்கனமல்ல, சோம்பல். இங்கிலாந்திலும் கேட் வால்வு போய் பால் வால்வு வரவேண்டிய தருணம் அதுதான்.

கையால் மூடும் இந்த வால்வுகள் போக, வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் வெந்நீரைத் திறந்து மூடும் மின்வால்வுகளும் உண்டு. அவற்றில் ஒரு வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் அவை பொதுவாக 24 வோல்ட்; இங்கிலாந்தில் 230. ஒரு நாட்டில் பழகிய கை இன்னொரு நாட்டில் அலட்சியமாக ஒயரைத் தொடக் கூடாது.

ஐரோப்பிய விதியால் 2015 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்தில் மின்சிக்கனப் பம்புகளே புதிதாகச் சந்தைக்கு வந்தன. இவற்றின் ரோட்டரில் நிலைக்காந்தம் இருக்கிறது. ரேடியேட்டரின் உட்புறம் துருப்பிடித்து உதிரும் கறுப்புத் தூளும் காந்தத்தில் ஒட்டும் சரக்கு. அது ரோட்டரைச் சுற்றிச் சேர்ந்து பம்பை இறுக்கிவிடும். அதனால் பம்பை மாற்றும்போதே நீரைக் கழுவி இறக்கி, துருத்தடுப்பு மருந்து ஊற்றி, குழாயில் ஒரு காந்த வடிகட்டியையும் மாட்டுவது அங்கே வழக்கமாகிவிட்டது. வடிகட்டிக்கும் இருபுறம் வால்வு உண்டு.