முற்றத்தில் கவிட்டு வைச்ச சைக்கிள்

போன மாதம் புதுச் சைக்கிள் ஒன்று வாங்கினேன். பெட்டிக்குள் அரைகுறையாகப் பூட்டினபடி வந்தது. ஹாண்டிலையும் பெடலையும் பூட்டினால் ஓடலாம் என்றுதான் நினைத்தேன். இடப்பக்கப் பெடல் ஏறவேயில்லை. நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு அப்பா வந்தார். "டேய், அது மற்றப்பக்கம் சுத்தோணும். மரையைச் சிதைச்சுப் போடாத."

இடப்பெடலுக்கு மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கும். மிதிக்க மிதிக்கக் கழன்று போகாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. அப்பா மெக்கானிக் இல்லை. ஆனால் 1990களில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், அது போதும்.

1990 யூனில் போர் திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பெற்றோல், பற்றரி, சீமெந்து எல்லாம் தடைப்பட்டியலில். மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், அதுவும் கிடைத்தால்தான். மிச்சம் எல்லாம் சைக்கிள்தான்: ரியூசனுக்கு, விறகுக்கு, மீனுக்கு, வருத்தக்காரரைக் கரியரில் இருத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு.

ரேடியோவுக்கும் அதுதான். சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ ரயரில் உரசிச் சுழலும். அது தருவது 6 வோல்ற். நாலு பற்றரி போடும் ரேடியோவுக்கு வேண்டியதும் 6 வோல்ற். டைனமோவில் வருவது ஆடலோட்டம் என்பதால் இடையில் டயோட் பூட்டி நேரோட்டமாக்க வேண்டும். (மின்னியல் பாடத்தை இதைவிட ஒழுங்காகப் படித்த தலைமுறை இருக்காது.) இரவில் பிபிசி தமிழோசைக்கு ஒருத்தர் சுத்த, மற்றவை காதைக் குடுத்துக்கொண்டு இருப்பினமாம். கை ஓய்ந்தால் செய்தியும் மங்கிவிடும். கசெற் என்றால் பாட்டு இழுபடும்.

அப்பப்பாவின் றலி சைக்கிளை வருசத்துக்கு ஒருக்கா வீட்டிலேயே ஓவரோல் செய்வார்களாம். அச்சைக் கழற்றி, போல்ஸை எண்ணி, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டுக் கழுவி, கிறீஸ் பூசித் திரும்பப் பூட்டுவது. போல்ஸை எண்ணுவது சின்னப்பிள்ளையளின் வேலை. கழுவின மண்ணெண்ணெயையும் ஊத்துவதில்லை. அடியில் கறுப்புத் தங்கியபின் மேலாலை வடித்து ஜாம் போத்தல் விளக்குக்கு.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் மொத்தமாக எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அந்தச் சைக்கிளில் ஒருவரும் ஏறி ஓடவில்லை. சனநெருக்கத்தில் உருட்டத்தான் முடிந்தது. கரியரில் அரிசி, பாரில் உடுப்புப் பை, ஹாண்டிலில் குடம். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட முன்சில்லில் காத்துப் போனதாம். ரியூப்பில் ஓட்டையில்லை, வால்கட்டையில் போடுகிற சின்ன றப்பர்க்குழாய் வெடித்திருந்தது. விரல் நீளத் துண்டுதான், அது இல்லாவிட்டால் காத்து நிற்காது. தெரியாத ஒருவர் தன் பொக்கற்றிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்திருக்கிறார். அவரை அப்பா பிறகு காணவில்லை.

புதுச் சைக்கிளை அப்பா முற்றத்தில் கவிட்டு வைத்துச் சில்லைச் சுற்றிப் பார்த்தார். பிறேக் வயர் முதல் மாதத்தில் இழுபடும், நட்டுகள் இளகும், ரெண்டு கிழமையால் திரும்ப இறுக்கு என்றார். செயினுக்கு எண்ணெய் விட்டால் மேலால் துடைக்க வேணும், இல்லாட்டி மண் பிடிக்குமாம்.

பிறகு பேர்ஸைத் திறந்து ஒரு துண்டு றப்பர்க்குழாய் எடுத்தார். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், அது அதற்குள் இருப்பது. புதுச் சைக்கிளின் வால்வு கார்ச்சில்லில் இருக்கிற மாதிரியானது, அதற்கு இது தேவையில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் துண்டைத் திரும்பப் பேர்ஸுக்குள் வைத்தார்.